பதினேழு முள்ளெலிகள் வாழும் ஊர்

மே மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, மிஸ் ஃபிலிப்பா கேதர்கோல் இறந்துபோன செய்தி வந்தது. நேரம் இத்தனை துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், செய்தியைக் கேட்டவர் அதைக் குறித்துவைத்ததுதான். ஆனால் அவர் குறித்தது செய்தியை அல்ல. மிஸ் கேதர்கோலின் தங்கை மகள் இமோஜென் தொலைபேசியில், "பெரியம்மா ராத்திரி தூக்கத்துலயே போய்ட்டாங்க, மிஸ்டர் ஹாப்குட்," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, க்ளெமென்ட் ஹாப்குட்டின் கண்கள் ஜன்னலுக்கு வெளியே தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மூன்று கறுப்புக் கீற்றுகளில் போய் ஒட்டிக்கொண்டன. வலது கை தானாகப் பென்சிலை எடுத்தது. 'உழவாரன் குருவி, மூன்று, கோபுரம், 6.40' என்று எழுதியது. பிறகுதான் அவர், "ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். அதற்கும் பிறகு, நாக்கை அடக்க முடியாமல், "மே மாசக் குறிப்பை எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

கல்நெஞ்சர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் தனி மனிதர் அல்ல, ஓர் இனம். இந்த இனத்துக்குக் குறிப்பேட்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரான நெதர் பிட்டலில் இரண்டு இருந்தன. இப்போது ஒன்று.

குறிப்பேட்டுக்காரரை அடையாளம் காண்பது எளிது. முழங்கால் இரண்டும் பச்சையாக இருக்கும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சட்டைப் பையில் இரண்டு பென்சில், கால்சட்டைப் பையில் நாலைந்து மாத்திரை டப்பா. அவற்றில் ஒன்றிலாவது உயிருள்ள ஏதோ ஒன்று தன் விதியை எண்ணி உட்கார்ந்திருக்கும். அவரோடு தபால் நிலையம் வரை நடந்துபோனால் ஐந்து நிமிட வழிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அவர் ஒரு வேலியில் தலையை நுழைத்திருப்பார், ஒரு சாணிக்குவியலைக் குச்சியால் பிரித்திருப்பார், யாரோ ஒருவருடைய குப்பைத்தொட்டியை விலக்கி அடியில் பார்த்திருப்பார், பிரித்ததையும் விலக்கியதையும் பழையபடி வைத்திருப்பார், நீங்கள் வந்த காரியத்தை மறந்திருப்பீர்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவார். மணப்பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. அவள் சாய்ந்து நின்ற சுவரில் எத்தனை வகைப் பாசி இருந்தது என்று கேளுங்கள், சொல்வார். விருந்தில் கீரைக்குள் புழு கிடந்தால் மற்றவர்கள் தட்டைத் தள்ளிவைப்பார்கள். இவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கீரை யார் தோட்டத்துது?" என்பார்.

ஒரு முறை க்ளெமென்ட்டின் சைக்கிளை அவர் கண்ணெதிரிலேயே ஒருவன் எடுத்துக்கொண்டு போனான். காவலர் வந்து அடையாளம் கேட்டார்.

"முகம் ஞாபகம் இல்லைங்க. ஆனா அவன் இடது கை முட்டியில ஒரு மஞ்சள் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்துது. ஏப்ரல்ல அது வரவே கூடாது. மூணு வாரம் முந்தி வந்திருக்கு."

"சைக்கிள் என்ன நிறம்?"

"அதுகூட மஞ்சள்தான்னு நினைக்கிறேன். இல்ல, அது பூச்சி."

சைக்கிள் கிடைக்கவில்லை. பூச்சி பதிவாயிற்று.

ஓய்வு பெறும்வரை க்ளெமென்ட் பேருந்துகளுக்குக் கால அட்டவணை தயாரித்தவர். பேருந்து வந்ததோ வரவில்லையோ, அட்டவணையில் ஒரு நிமிடம் பிசகியதில்லை. மிஸ் கேதர்கோல் மருந்துக் கடையில் வெள்ளை மாத்திரைகளை மூன்று மூன்றாகத் தள்ளி எண்ணிக் கொடுத்தே எண்பதை எட்டியவர். கடைசியாக அவருக்கு வயது எண்பத்து நான்கு. க்ளெமென்ட்டைவிடப் பதின்மூன்று மூத்தவர். அதனால் அவரை க்ளெமென்ட் என்றே கூப்பிடுவார், சில சமயம் பெயரே இல்லாமல் 'தம்பி' என்பார். க்ளெமென்ட் பத்தொன்பது வருடமும் 'மிஸ் கேதர்கோல்' என்பதைத் தாண்டியதில்லை.

அந்தப் பத்தொன்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இருவரும் க்ளெமென்ட் வீட்டுச் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஊரின் உயிரினப் பதிவேடு. பச்சை அட்டை போட்ட பெரிய புத்தகம். என்ன, எங்கே, எப்போது, எத்தனை என்று நாலு கட்டம். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு 'சரிபார்த்தவர்'. இவர் பார்த்ததற்கு அவர் கையெழுத்து, அவர் பார்த்ததற்கு இவர் கையெழுத்து. தன் கண்ணுக்குத் தானே சாட்சி சொல்லக்கூடாது என்பது மிஸ் கேதர்கோல் போட்ட சட்டம். சும்மாவும் கையெழுத்துப் போட மாட்டார். "நிச்சயமா தெரியுமா, இல்ல தோணுதா?" என்று கேட்பார். தோணுகிறது என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

இருவருக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று ஊர் வெகு காலம் ஆராய்ந்தது. உண்டு. சண்டை.

சண்டை முள்ளெலியால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் க்ளெமென்ட் ஒரு படிவம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். உங்கள் தோட்டத்துக்கு முள்ளெலி வருகிறதா, எத்தனை வருகிறது, என்ன தின்கிறது. பதினேழு வீடுகளிலிருந்து பதில் வந்தது. பதினேழிலும் 'ஆம், ஒன்று' என்று இருந்தது. அட்டவணைக்காரர் கூட்டினார். பதினேழு. பக்கத்து ஊரான அப்பர் பிட்டலில் மொத்தமே ஒன்பது. எங்கள் ஊர் எந்த விஷயத்திலாவது அப்பர் பிட்டலை முந்தியதாகச் சரித்திரமே கிடையாது. அவர்களுக்குத்தான் ரயில் நிலையம், அவர்களுக்குத்தான் மீன்வறுவல் கடை. இப்போது எங்களுக்கு எட்டு முள்ளெலி அதிகம். ஊர் சபை கூடி, ஊர் எல்லையில் ஒரு பலகை வைப்பது என்று முடிவு செய்தது: 'பதினேழு முள்ளெலிகள் வாழும் ஊர். மெதுவாகச் செல்லவும்.'

மிஸ் கேதர்கோல் மட்டும் பதிவேட்டில் அந்த வரியைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒரே பஸ் பதினேழு ஸ்டாப்புல நின்னா, பதினேழு பஸ்ஸா க்ளெமென்ட்?"

"அது எப்படிங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நேரம் இருந்தாத்தான் அப்படிச் சொல்ல முடியும்."

"சரி, நேரத்தைக் காட்டுங்க."

க்ளெமென்ட் படிவத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நேரத்துக்கு அதில் கட்டமே இல்லை. நாற்பது வருடம் நேரத்தைத் தவிர வேறு எதையும் எழுதாத கை, வாழ்க்கையில் ஒரே ஒரு படிவத்தில் நேரத்தை விட்டுவிட்டது. இதை அவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். "முள்ளெலிக்கு நேரம் முக்கியமில்ல," என்றார். மிஸ் கேதர்கோல் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். சின்னது. மாத்திரை அளவு. அடுத்த நாள் க்ளெமென்ட், கறுப்பு வாத்து மதுக்கடை நடத்தும் பாஸில் ட்ரப்ஷாவிடம் கையெழுத்து வாங்கி, மாவட்டப் பதிவு அலுவலகத்துக்கு நகலை அனுப்பிவிட்டார். பாஸில் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று இன்றுவரை படிக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஞாயிறு நாலு மணிக்கு அவர்கள் சந்தித்தார்கள். வண்டைப் பற்றிப் பேசினார்கள், வௌவாலைப் பற்றிப் பேசினார்கள். முள்ளெலிப் பக்கம் வந்தால் இருவரும் தேநீரைக் கிளறினார்கள். சர்க்கரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இருவருக்குமே கிடையாது.

இந்த மே மாதம் ஊரில் வேறு ஒரு பரபரப்பு. மிஸ் கேதர்கோல் சந்தைக்குப் போய் ஒரு புட்டி சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினார். எண்பத்து நாலு வருடத்தில் உதட்டுச் சாயம்கூடத் தொடாத பெண்மணி. கடைக்காரப் பெண், "எந்த விசேஷத்துக்கு?" என்று கேட்டதற்கு, "ராத்திரி ஒருத்தர் வருவார்," என்று வேறு பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை. பாதிப் பேர் க்ளெமென்ட்டை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் தன் முதுகில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து, கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

செய்தி வந்த அன்றே மதியம் இமோஜென் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். மேலே 'க்ளெமென்ட்டுக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே முப்பத்தொரு மாத்திரை டப்பா, ஒரு நெயில் பாலிஷ் புட்டி, ஒரு சின்னக் குறிப்பேடு.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் புட்டியைக் காட்டிக் கேட்டாள். கேட்ட விதத்தில் ஊர்ப்பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது தெரிந்தது.

"தெரியாதும்மா," என்றார் க்ளெமென்ட், காது சிவக்க.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அது தெரிந்தது.

'மே 16. இரவு 9.50. என் வீட்டுக்கு வந்ததன் முதுகில், இடப்பக்க முள் நுனிகளில், சிவப்புப் பொட்டு வைத்தேன். மிகவும் ஒத்துழைத்தது. மற்ற பதினாறு வீட்டிலும் பொட்டு இருக்கிறதா என்று நாளை பார்க்க வேண்டும். க்ளெமென்ட்டிடம் சொல்ல வேண்டாம். முடிந்த பிறகு சொல்லலாம்.

மே 17. மழை. நாளை.

மே 18. இருமல். நாளை.'

அதற்குக் கீழே கோடு போட்ட வெறும் தாள்.

இமோஜென் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ராத்திரி வர்ற ஆளு முள்ளெலியா?" என்றாள். காலையிலிருந்து அழுதிருந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

க்ளெமென்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் சபை இரண்டு வருடம் இழுத்தடித்த பலகைக்கு இந்தச் சனிக்கிழமை திறப்பு. பலகை எழுதி, காய்ந்து, தேவாலய மண்டபத்தில் போர்வை போர்த்தி நிற்கிறது. பொட்டில்லாத முள்ளெலி ஒன்று, ஒன்றே ஒன்று, கண்ணில் பட்டால் போதும். ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றாகிவிடும். அப்புறம் பதினேழு இருப்பதற்கு என்ன தடை? தான் சொன்னது சரி என்றாகிவிடும். அந்தக் கேள்விக்குறி பொய்யாகிவிடும். இல்லாவிட்டால், இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்கரையில்லாத தேநீரைக் கிளறியது அத்தனையும் தன் வீம்பு என்றாகும். அதைப் போய்ச் சொல்வதற்கும் எதிர் நாற்காலியில் இப்போது ஆள் கிடையாது.

அன்று அந்தியில் பென்சிலைச் சீவிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் பாதிரியம்மா ரோவீனாவின் வீடு. அவர் கோழிக்கறி மிச்சத்தை ஒரு தட்டில் பிய்த்துப் போட்டுவிட்டுத் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எசேக்கியேல் இப்ப வந்துடுவார்," என்றார்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு எசேக்கியேல் வந்தார். இடப்பக்கம் சிவப்புப் பொட்டு.

"பாதிரியம்மா, இது என்ன?"

"மச்சம். பிறவியிலேயே இருக்கு."

"போன வாரம் இருந்துதா?"

"இருந்துதான் இருக்கும். நமக்குக் கண்ணு இல்லை, அவ்வளவுதான். ஃபிலிப்பாவுக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் பார்த்தேன்."

க்ளெமென்ட் நேரத்தைக் குறித்துக்கொண்டு கறுப்பு வாத்துக்கு ஓடினார். மதுக்கடையின் பின்கட்டில் பாஸில், வறுத்த பன்றிக்கறித் துண்டுகளோடு காத்திருந்தார்.

"என்னய்யா க்ளெம், ஓட்டப் பந்தயமா? நம்ம பிரிகேடியரைப் பாக்கவா வந்தே? ஒரு நாள் லேட்டா வரமாட்டான். பட்டாளத்துல இருந்தவன் மாதிரி."

ஒன்பது முப்பத்தைந்துக்கு பிரிகேடியர் அணிவகுத்து வந்தான். சிவப்புப் பொட்டு.

"தக்காளி சாஸ்யா அது," என்றார் பாஸில். "நேத்து உருளைக்கிழங்கு வறுவலோட குடுத்தேன். நக்கத் தெரியலை அவனுக்கு, முதுகுல பூசிக்கிட்டான்."

"முதுகுல எப்படிப் பூசிக்குவான்?"

"அதுதான்யா பட்டாளத்து ஆளு. எல்லாம் தெரியும்."

மூன்றாவது, தையற்காரி மேவிஸ் ஆட்கினின் வீடு. அங்கே போகும் வழியில், வேலிக்கு அந்தப் பக்கம், புல்லுக்குள் ஏதோ மூச்சிரைத்துக்கொண்டு தனக்கு இணையாக ஓடுவது க்ளெமென்ட்டுக்குக் கேட்டது. அவர் வேகம் கூட்டினார். அதுவும் கூட்டியது. அவர் வாசல் கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவதற்குள் அது வேலிக்கடியில் புகுந்து மேவிஸின் கிண்ணத்தில் தலையை விட்டிருந்தது. பத்து மணி ஐந்து நிமிடம்.

"மெதுவாப் பேசுங்க, மிஸ்டர் ஹாப்குட். டாஃப்னி பயந்துக்குவா," என்றார் மேவிஸ். "பாவம், துணையைப் பறிகொடுத்தவ. கண்ணைப் பாருங்க, தெரியும். சரியாவே சாப்பிடறதில்ல."

டாஃப்னியின் வயிறு தரையில் இழுபட்டது.

"முதுகுல சிவப்பா இருக்கே, அது என்னங்க?"

"காயம். ரெண்டு நாளா களிம்பு போடறேன். நல்லா ஆறிட்டு வருது, பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு."

க்ளெமென்ட் தெருவிளக்கின் கீழ் நின்று மூன்று நேரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கோடு போட்டார். இருபத்தைந்து நிமிடம், முப்பது நிமிடம். இப்படி ஒரு பேருந்துத் தடத்தை அவர் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். பாதிரியம்மா வீடு, கறுப்பு வாத்து, தையற்காரி வீடு. அடுத்து சலவைக்குளம், அதற்கடுத்து மேட்டுத் தெரு. மேட்டுத் தெருவில் முதல் வீடு யாருடையது? அவருடையது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, குளத்தில் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் சேர்த்து, '10.40' என்று எழுதினார்.

அவர் வீட்டுக்கு வருவதற்கும் ஒரு பெயர் உண்டு என்பதை யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் பெயர் வைப்பதைக் கேலி செய்பவர் அவர். ஆனால் உள்ளுக்குள் அதை 'நாற்பத்திரண்டு' என்று கூப்பிட்டார். அவர் காலத்தில் ஒழுங்காக ஓடிய ஒரே பேருந்தின் எண் அது. நாற்பத்திரண்டின் முதுகில் பொட்டு இருக்காது என்று அவருக்கு ஏனோ நம்பிக்கை இருந்தது. தன் வீட்டுடையது தனி என்று யாருக்குத்தான் நம்பிக்கை இல்லை?

பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். கிண்ணத்தில் பூனைத் தீனி. பத்து முப்பத்தெட்டு. பத்து முப்பத்தொன்பது. பத்து நாற்பதுக்கு ரோஜாப் புதர் அசைந்தது. வாழ்நாளில் அவர் எழுதிய எந்த அட்டவணைக்கும் எந்தப் பேருந்தும் இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை. அது வந்தது, கிண்ணத்தைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது, வந்த மரியாதைக்கு இரண்டு வாய் தின்றது. பிறகு கிண்ணத்துக்குள்ளேயே ஒரு காலை வைத்துக் கொஞ்ச நேரம் இளைப்பாறியது. இடப்பக்க முள் நுனிகளில், மாத்திரை அளவில், சிவப்பு.

"சரி, ஃபிலிப்பா," என்றார் க்ளெமென்ட்.

நல்ல குறிப்பேட்டுக்காரர் ஒரு இரவை நம்ப மாட்டார். மறுநாளே புதுப் படிவம் அச்சடித்து, மிஸ் கேதர்கோலுடையது தவிர மற்ற பதினாறு வீட்டுக்கும் கொடுத்தார். ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு கட்டம்: பொட்டு உண்டா, எத்தனை மணிக்கு? வெள்ளிக்கிழமை காலைக்குள் எல்லாம் திரும்பி வந்தன. பதினாறிலும் பொட்டு. பதினேழாவது வீட்டின் நேரம் மிஸ் கேதர்கோலின் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்தது. எந்த இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை. அந்தியில் ஆரம்பித்து விடியும்வரை, தெருவாரியாக, அது ஒரு முழு அட்டவணை. சுவரில் ஒட்டலாம்.

அன்று மதியம் அடக்கம். பக்கத்து ஊர்களிலிருந்து குறிப்பேட்டுக்காரர்கள் திரளாக வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கறுப்பு உடை, பச்சை முழங்கால். பாதிரியம்மா ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஆளுக்கு ஒரு பிடி மண் அள்ளிப் போட வந்தவர்களில் நான்கு பேர் மண்ணைப் போடாமல் உள்ளங்கையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். வரிசை தேவாலய வாசல் வரை நீண்டது. "மண்ணைப் போடுங்க, தயவுசெஞ்சு," என்று பாதிரியம்மா ஜெபத்தின் நடுவிலேயே, அதே ராகத்தில் சொன்னார். க்ளெமென்ட் தன் கைப்பிடி மண்ணில் நெளிந்த ஒரு பச்சை வண்டை எடுத்துப் பக்கத்துப் புல்லில் விட்டுவிட்டு, மண்ணைப் போட்டார். வண்டை அவர் குறித்துக்கொள்ளவில்லை. இதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை, தேவாலய மண்டபம். இருபத்தேழு பேர், வெள்ளரிக்காய் சாண்ட்விச், போர்வைக்குள் பலகை. மேவிஸ் போர்வையின் நுனியைப் பிடித்து இழுக்கப்போகும் சமயத்தில் க்ளெமென்ட் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து, நம் ஊரில் முள்ளெலி ஒன்றுதான் இருக்கிறது என்றார். அட்டவணையைப் படித்தார். ஆரம்பத்தில் நேரத்தைக் கேட்காமல் விட்டது தன் தவறு என்றும், இரண்டு வருடத்துக்கு முன்பே மிஸ் கேதர்கோல் சொன்னார் என்றும், பொட்டு வைத்ததும் அவர்தான் என்றும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் காதுகள் நெயில் பாலிஷைவிடச் சிவந்திருந்தன.

மண்டபம் கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தது.

"அப்ப என் டாஃப்னி எங்கே?" என்றார் மேவிஸ்.

"டாஃப்னிதாங்க பிரிகேடியர்."

"அந்தக் குடிகாரப் பயலா?"

"யாரைச் சொல்றீங்க குடிகாரன்னு?" என்று பாஸில் எழுந்தார். "என் வீட்டுல அவனுக்குத் தண்ணிதான். உங்க வீட்டுலதான் களிம்பு தடவி, விதவைன்னு சொல்லி, மனசை உடைச்சிருக்கீங்க. பட்டாளத்து ஆளுய்யா அவன்."

"ரெண்டு வருஷமா நான் எனக்கு வாங்கற மீன்ல பாதியை அவளுக்குப் போட்டேன்."

"எல்லாரும் போட்டோம். அதான் அப்படி இருக்கு அது," என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

பாஸில் கையை உயர்த்தி அமைதி கேட்டார். "நான் ஒண்ணு சொல்றேன். ஒண்ணு பதினேழு தடவை வருதுல்ல? அப்ப வரவு பதினேழுதானே? பலகை எழுதியாச்சு. இதைப் போய் ஒண்ணுன்னு மாத்தினா அப்பர் பிட்டல்காரன் பஸ் புடிச்சு வந்து சிரிப்பான். ஓட்டுக்கு விடுவோம்."

முள்ளெலிகளின் எண்ணிக்கை ஓட்டுக்கு விடப்பட்டது. பதினேழுக்கு இருபத்தைந்து ஓட்டு. ஒன்றுக்கு ஒரு ஓட்டு. பாதிரியம்மா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஒன்றா மூன்றா என்ற எண்ணிக்கை விஷயத்தில் தேவாலயத்துக்குப் பழைய சிக்கல்கள் உண்டு என்று மட்டும் சொன்னார். கைதட்டலோடு பலகை திறக்கப்பட்டது. இப்போதும் எங்கள் ஊர் எல்லையில் அது நிற்கிறது. வண்டிகள் மெதுவாகத்தான் போகின்றன, பதினேழும் ஒரே நேரத்தில் குறுக்கே வந்துவிடுமோ என்ற பயத்தில்.

தப்பித்தோம், நமக்கு இந்தப் பைத்தியம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். காலையில் ஜன்னலுக்கு வரும் காகம் நேற்று வந்த அதே காகம்தான் என்று வீட்டில் அடித்துச் சொன்னது யார்? மாடிப் படியில் குட்டி போட்ட தெருப்பூனை தன்னிடம் மட்டும்தான் சாப்பிடுகிறது என்று தெருவில் எத்தனை பேர் சொல்கிறார்கள், அதில் நீங்கள் எத்தனையாவது ஆள்? துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் நகர்ந்த பல்லி எந்தப் பக்கம் போனது என்று இன்றும் நினைவிருக்கிறதா, இல்லையா? அதைவிட, டாஃப்னி வந்த நேரம் பத்து ஐந்தா, பத்து பதினைந்தா என்று மேலே போய்ச் சரிபார்க்க ஒரு கணம் உங்கள் கண் ஓடியதே, அது ஏன்? ஓடவில்லை என்று நிச்சயமாகத் தெரியுமா, இல்லை தோணுகிறதா?

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த க்ளெமென்ட் பச்சை அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். பழைய வரியை அழிக்கவில்லை. ஒரே கோடாக அடித்துத் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். கேள்விக்குறியின்மேல் கோடு படாமல் பார்த்துக்கொண்டார். அடியில் புது வரி எழுதினார்: முள்ளெலி, நெதர் பிட்டல், மே 19, இரவு 9.10 முதல் விடியும்வரை, ஒன்று. அப்போது மணி நாலு. ஆனால் அன்று சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிறு, நாலு மணிக்கு, அடக்கத்துக்கு இரவல் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்த இமோஜென் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா எழுதின தாளையே இங்க ஒட்டிடலாமே, மிஸ்டர் ஹாப்குட்? அவங்க பார்த்ததுக்கு அது சாட்சிதானே?" என்றாள்.

"அது பதினாறாம் தேதிம்மா. இது பத்தொன்பது."

"பாஸில்?"

"அவர் படிக்காம போடுவார்."

"நான் போடட்டுமா?"

"நீ அதைப் பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை. பத்து நாற்பதுவரை இருந்து பார்க்கலாம் என்றால் ஏழு மணிக்கு அவளுக்கு ரயில். அதுவும் அப்பர் பிட்டலிலிருந்து.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கடைசி வரி. 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.